தண்டுவட நீர்க்கட்டி: எம்ஆர்ஐயா, சிடி மைலோகிராமா?

தண்டுவடத்துக்குள் நீர் தேங்கும் சிரிங்கோமயீலியாவுக்கு முதலில் எடுக்க வேண்டியது எம்ஆர்ஐதான். எம்ஆர்ஐயின் இரு படவகைகளில், நீர் டி1 படத்தில் கருப்பாகவும் டி2-வில் பளிச்சென்ற வெள்ளையாகவும் தெரியும். பெரும்பாலும் காரணமும் அங்கேயே சிக்கிவிடும். சிறுமூளையின் அடிநுனி மண்டையோட்டுப் பெருந்துளைக்குக் கீழே 5 மி.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கியிருந்தால் அது கியாரி எனும் கோளாறு. கடோலினியம் என்ற ஒளிரவைக்கும் மருந்தைச் செலுத்தியபின் நீர்க்கட்டியின் ஓரத்தில் ஒரு முடிச்சு ஒளிர்ந்தால் ட்யூமர் சந்தேகம். பழைய முதுகெலும்பு முறிவும் காரணமாகலாம், அதனால் விபத்து வரலாற்றைக் கேட்காமல் படத்தைப் படிக்கக் கூடாது.

ஒரு பொறி உண்டு. பக்கவாட்டுப் படத்தில் தண்டுவட நடுவே ஓடும் மெல்லிய கோடு, குறுக்குவெட்டுப் படத்தில் புள்ளியாகத் தெரியாவிட்டால் அது நீர்க்கட்டியல்ல. இயந்திரம் போடும் பொய்க்கோடு.

எம்ஆர்ஐக்கு ஒவ்வாத பேஸ்மேக்கர் இருந்தாலோ, உலோகத் திருகுகள் படத்தைக் கெடுத்தாலோ மைலோகிராம். அதில் கீழ்முதுகில் ஊசி வழியே, தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் படத்தில் தெரியும் அயோடின் மருந்து செலுத்தி சிடி எடுப்பார்கள். உடனே எடுக்கும் சிடி மட்டும் போதாது. மருந்து நீர்க்கட்டிக்குள் மெல்லக் கசிவதால் சில மணி நேரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும். கியாரி இருப்பவருக்கு இந்த ஊசியே ஆபத்து: கீழே அழுத்தம் குறைந்தால் சிறுமூளை நுனி இன்னும் இறங்கலாம்.