இரண்டு ஜோடி இயர்பட்ஸ், ஒரே பாட்டு

ஒரே கைப்பேசியிலிருந்து இருவர் பாட்டுக் கேட்கலாம் என்ற வசதிக்காகவே ஆராகாஸ்ட் நுட்பம் கொண்ட இயர்பட்ஸ் இரண்டு ஜோடி வாங்கி, தங்கையும் நானும் ஆறு வாரமாகப் பயன்படுத்துகிறோம். ஒலித்தரத்திலும் பேட்டரியிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

வழக்கமான புளூடூத்தில் கைப்பேசி ஒரு ஹெட்போனோடு இணைந்து அதற்கு மட்டுமே பாட்டை அனுப்பும். 2022-இல் இப்பெயரில் அறிமுகமான ஆராகாஸ்டோ வானொலி நிலையம்போல ஒலியைப் பரப்புகிறது. அருகில் இருப்பவர்கள் எத்தனை பேரானாலும் கேட்கலாம். ஆனால் அவர்களுடைய கருவியும் இந்த நுட்பத்தை அறிந்திருக்க வேண்டும். நண்பர் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள முயன்றபோது அவருடைய பழைய ஹெட்போன் எதையும் பிடிக்காததால், அவர் பாவம், எங்கள் தலையாட்டலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே வயர் இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்த நாட்களில், குரல் ஒரு பக்கமும் கருவிகள் மறுபக்கமுமாகப் பதிவான பழைய பாடல் வந்தால், அவளுக்குப் பாடகர் கிடைப்பார், எனக்குத் தபேலா மட்டும் கிடைக்கும். இப்போது இருவருக்கும் முழுப் பாடல் கிடைக்கிறது. ஒலியளவை அவரவர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம் என்பதால் எங்கள் நெடுநாள் சண்டையும் தீர்ந்தது.

பேச்சுதான் நின்றுபோனது. காதை இறுக அடைக்கும் இக்கருவியோடு இருக்கும் அவளிடம் "இந்த இடத்தைக் கவனித்தாயா?" என்று கேட்கத் தோளைத் தட்டி, அவள் ஒன்றைக் கழற்றுவதற்குள் அந்த இடம் கடந்துவிடுகிறது. இதற்கு 1979 ஜூலையில் வெளிவந்த முதல் வாக்மேன் என்னும் கையடக்க கேசட் பிளேயரிலேயே வழி இருந்தது. ஒருவர் மட்டும் தனியே கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று அதைத் தயாரித்த சோனியின் நிறுவனர்களில் ஒருவரான அகியோ மோரிடா கருதியதால், அதில் ஹெட்போன் மாட்ட இரண்டு துளைகள் வைக்கப்பட்டன; ஆரஞ்சு நிறப் பொத்தானை அழுத்தினால் பாட்டின் ஒலி தணிந்து, மைக் வழியாக இருவரும் பேசிக்கொள்ளலாம். பிற்கால மாடல்களில் அந்தப் பொத்தான் மறைந்துவிட்டது. எங்கள் இயர்பட்ஸிலும் மைக் இருக்கிறது. வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதை அவரவர் காதில் தனித்தனியே இயக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரு பொத்தான் வைப்பது இன்றைய பொறியாளருக்குப் பெரிய வேலையாக இருக்காது என்றே தோன்றுகிறது.

மௌனமாகச் சேர்ந்து கேட்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். நாங்கள் போன வாரம் முதல் ஆளுக்கு ஒரு காதில் மட்டுமே மாட்டிக்கொள்கிறோம். மற்ற இரண்டும் பெட்டியிலேயே கிடக்கின்றன.