‘புது அடுப்புன்னா அப்படித்தான்’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்

பெங்களூரில் புதிதாக கேஸ் அடுப்பு வாங்கப் போகிறவர்கள், குறிப்பாக மேடையில் பதிக்கிற ஹாப் வகை அடுப்பு வாங்குகிறவர்கள், தயவுசெய்து இதை முழுதாகப் படித்துவிடுங்கள். பத்தொன்பது நாள் என் அம்மா ஒரு தப்பான அடுப்பின் முன்னால் நின்று சமைத்திருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

ஜூன் மாதம் ராமமூர்த்தி நகரில் ஒரு அபார்ட்மெண்டுக்குக் குடிவந்தோம். கம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கடையில் நான்கு பர்னர் ஹாப் ஒன்றை 16,500 ரூபாய்க்கு வாங்கினேன். ‘இன்ஸ்டலேஷன் ஃப்ரீ’ என்றார்கள். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் போட்டால் விலை கூடும் என்று சொல்லி எஸ்டிமேட் சீட்டு ஒன்றை எழுதிக் கொடுத்தார்கள். நானும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பணத்தை யுபிஐயில் கொடுத்ததுதான் பின்னால் கைகொடுத்தது.

மறுநாள் பொருத்துகிறவர் வந்தார். அடுப்புக் கம்பெனியின் பெயர் போட்ட டி-ஷர்ட் அணிந்திருந்ததால், கம்பெனி ஆள் என்றே நினைத்தோம். அவர் கடைக்காரரின் ஆள் என்பது பிறகுதான் தெரிந்தது. பெட்டியைப் பிரித்தபோது ஒட்டு நாடா இரண்டு அடுக்காக இருந்ததை நான் கவனித்தேன், ஆனால் கேட்கவில்லை. நாற்பது நிமிடத்தில் வேலை முடிந்தது. மேடைக்குக் கீழே அலமாரிக்குள்ளேயே சிலிண்டரை வைத்து, பலகையில் ஓட்டை போட்டு, அதன் வழியாக ட்யூபை அடுப்புக்கு இழுத்தார். ‘கிட்’ என்று சொல்லி 1,900 ரூபாய் கேட்டார். ஆரஞ்சு நிற ட்யூப், கிளிப், இன்னும் ஏதோ ஒரு இணைப்பு, அவ்வளவுதான் கிட். கடைசியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க லைட்டரைப் பற்றவைத்து இணைப்புகளைச் சுற்றிக் காட்டினார். என் அம்மா பதறி, “என்ன தம்பி இது, நெருப்ப வச்சா பாக்கறது?” என்று கேட்டார். “முப்பது வருஷமா இப்படித்தாம்மா பாக்கறோம்” என்றார் அவர்.

பால் காய்ச்சும் நாளில் அந்த அடுப்பில்தான் முதல் முறையாகப் பாத்திரம் ஏறியது. மஞ்சள் கலந்த பெரிய தீ, பாத்திரத்தின் பக்கவாட்டில் ஏறி நக்கியது. பால் மூன்றே நிமிடத்தில் பொங்கியது. வந்திருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் “நல்ல அடுப்பு, வேகமா இருக்கு” என்றார்கள். இறக்கி வைத்த வெண்கலப் பானையின் அடி முழுக்கக் கரி. அன்று மாலையே அடுப்பைப் பொருத்தியவருக்கு போன் செய்தேன். தமிழ் தெரிந்தவர்தான், ஆனால் அன்றைக்குக் கன்னடத்தில் பேசினார்: “ஹொஸதல்வா மேடம், ஹத்து தின ஆமேலே செட் ஆகுத்தே.” புதுசு இல்லையா, பத்து நாள் போனால் சரியாகிவிடும் என்று அர்த்தம்.

அந்த ஒரு வரியைப் பற்றி எச்சரிப்பதற்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன். புது அடுப்பு ‘பழக’ நாள் ஆகும் என்பது முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம். பர்னரிலும் தட்டிலும் தொழிற்சாலையில் பூசிய எண்ணெய்ப் பசை இருக்கும். முதல் முறை எரிக்கும்போது அது புகைந்து ஒரு வாடை வரும். ஜன்னலைத் திறந்து வைத்து ஒவ்வொரு பர்னராக வெறும் தீயில் பத்து, பதினைந்து நிமிடம் எரியவிட்டால் அந்த வாடை போய்விடும். ட்யூபுக்குள் காற்று இருப்பதால் முதல் முறை பற்ற இரண்டு மூன்று தடவை முயல வேண்டியிருக்கும். தூசி பட்டால் தீயில் இடையிடையே ஆரஞ்சுப் பொறி தெறிக்கும். அவ்வளவுதான். தீ மஞ்சளாகவே எரிவதும், பாத்திரத்தில் கரி பிடிப்பதும், கேஸ் வாசனை அடிப்பதும் எத்தனை நாள் ஆனாலும் தானாகச் சரியாகாது. அவை கோளாறு.

பத்து நாள் போனது. தீ அப்படியே இருந்தது. அம்மாவுக்குத் தினமும் காலைச் சமையல் முடிந்ததும் தலைவலி. மழையும் குளிருமாக இருந்ததால் யுட்டிலிட்டி (சமையலறையை ஒட்டிய வேலை இடம்) கதவைச் சாத்தியே வைத்திருந்தோம். கண்ணாடி மாற்ற வேண்டும் என்று கண் டாக்டரிடம் நேரம்கூட வாங்கிவிட்டேன். அடுப்புக்கும் தலைவலிக்கும் முடிச்சுப் போட எனக்குத் தோன்றவில்லை.

பத்தொன்பதாம் நாள் சிலிண்டர் தீர்ந்தது. பழைய வீட்டில் 14.2 கிலோ சிலிண்டர் எங்களுக்கு நாற்பது நாளுக்குக் குறையாமல் வரும். புது சிலிண்டர் கொண்டுவந்த பையன் அலமாரியைத் திறந்ததுமே மூக்கைச் சுருக்கினான். “அக்கா, உள்ள வாசன நிக்குது. அடுப்பு பத்த வைக்காதீங்க, நான் மெக்கானிக்க அனுப்பறேன்” என்று சொல்லி, புது சிலிண்டரை மாட்டாமல் பால்கனியில் வைத்துவிட்டுப் போனான். அந்தப் பையனுக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

ஏஜென்சி மெக்கானிக் வேலூர்க்காரர், ஐம்பது வயது இருக்கும். முதலில் ட்யூபைப் பார்த்தார். வெளியே ஆரஞ்சு நிறம், பார்க்க ஏஜென்சியில் விற்கிற சுரக்ஷா ட்யூப் போலவே இருந்தது. ஆனால் அதன் மேல் ஐஎஸ்ஐ முத்திரை இல்லை, ஐஎஸ் 9573 என்ற எண் இல்லை, தயாரித்த மாதம் வருடம் எதுவும் இல்லை. அதைக் கழற்றி எங்கள் முன்னாலேயே கத்தியால் வெட்டிக் காட்டினார். உண்மையான சுரக்ஷா ட்யூபின் ரப்பருக்குள் இரும்புக் கம்பி வலை இருக்கும், எலி கடித்தாலும் தாங்கும். இதில் வெறும் ரப்பர்தான். பலகை ஓட்டையின் கூர்முனை உரசிய இடத்தில் விரிசல்விடத் தொடங்கியிருந்தது. கழற்றுவதற்கு முன்பு சோப்பு நீர் தடவியபோது கிளிப் பக்கம் குமிழி வந்ததற்கு எஞ்சியிருந்த கொஞ்சம் கேஸே போதுமாக இருந்தது.

அப்புறம் பர்னரைக் கழற்றி ஜெட்டை, அதாவது கேஸ் வெளிவருகிற சின்னத் துளை உள்ள பாகத்தை, எடுத்தார். எங்கள் பழைய அடுப்பு யுட்டிலிட்டியில் கிடந்தது. அதன் ஜெட்டையும் கழற்றி, இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, “பாருங்கம்மா” என்றார். பழையதில் ஊசிமுனை அளவு வெளிச்சம். புதியதில் துளை கண்ணுக்கே பெரிதாகத் தெரிந்தது. “இது எல்பிஜி ஜெட்டே இல்ல. பைப் கேஸ் ஜெட்டு.”

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பெங்களூரில் இப்போது பல அபார்ட்மெண்டுகளுக்குக் குழாய் வழியே இயற்கை எரிவாயு வருகிறது. அது பெரும்பாலும் மீத்தேன். சிலிண்டரில் இருப்பது புரோப்பேனும் பியூட்டேனும். ஒரே கன அளவு வாயுவை எரித்தால் எல்பிஜி தருகிற வெப்பம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. அழுத்தமும் வேறு: வீட்டு சிலிண்டர் ரெகுலேட்டரிலிருந்து சுமார் 30 மில்லிபார், குழாய் எரிவாயு 21 மில்லிபார். அதனால் குழாய் எரிவாயு அடுப்பின் ஜெட்டில் துளை பெரிது. அந்தப் பெரிய துளை வழியே எல்பிஜி போனால் அளவுக்கு மீறிய கேஸ் வரும், அதற்கு வேண்டிய காற்று கிடைக்காது. தீ மஞ்சளாகும், கரி படியும், கார்பன் மோனாக்சைடு உண்டாகும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் குமட்டலும்தான் முதல் அறிகுறி. அம்மாவின் தலைவலிக்கு இதுதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த அடுப்பை நிறுத்திய வாரத்திலேயே தலைவலி நின்றது.

கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணில் அழைத்து, அடுப்பின் அடியில் இருந்த சீரியல் நம்பரைச் சொன்னேன். அது குழாய் எரிவாயு உள்ள ஒரு கட்டடத் திட்டத்துக்கு ஒன்றரை வருடத்துக்கு முன்பே அனுப்பிய அடுப்பு என்றார்கள். அங்கிருந்து எப்படியோ திரும்பி வந்ததைத்தான் கடைக்காரர் புதுசு என்று விற்றிருக்கிறார். பெட்டியில் இரண்டு அடுக்கு நாடா ஏன் என்பது அப்போது விளங்கியது.

கடைக்குப் போனேன். “வெளி ஆள் பர்னரைத் தொட்டுட்டாங்க, வாரண்டி போச்சு” என்றார் கடைக்காரர். ஜெட்டை மட்டும் வேண்டுமானால் டிரில் போட்டு, ஈயம் வைத்து அடைத்துச் சரிசெய்து தருவதாகவும் சொன்னார். இதற்கு மட்டும் யாரும் ஒத்துக்கொள்ளாதீர்கள். குழாய் கேஸிலிருந்து சிலிண்டருக்கோ, சிலிண்டரிலிருந்து குழாய் கேஸுக்கோ மாறுகிறவர்கள் கம்பெனி தருகிற சரியான ஜெட்டைத்தான் போட வேண்டும். கையால் துளையைப் பெரிசாக்குவதும் அடைப்பதும் உயிரோடு விளையாடுகிற வேலை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். யுபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, சீரியல் நம்பரின் படம், வெட்டிய ட்யூபின் படம் எல்லாம் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்து அடுப்பை எடுத்துக்கொண்டு 13,000 ரூபாய் திருப்பித் தந்தார்கள். மீதியும் கிட் பணமும் வரவில்லை. முறையான பில் இருந்திருந்தால் அதையும் விடாமல் கேட்டிருப்பேன்.

இரண்டாவது அடுப்பை எப்படிப் போட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறை பில் வாங்கினேன். பெட்டியிலும் அடுப்பின் அடியில் உள்ள தகட்டிலும் எல்பிஜி என்று எழுதியிருக்கிறதா, இரண்டிலும் சீரியல் நம்பர் ஒன்றுதானா என்று கடையிலேயே பார்த்தேன். பொருத்த வருகிறவரின் பெயரை முதல் நாளே கம்பெனிக்கு போன் செய்து உறுதிசெய்தேன். சிலிண்டர் அலமாரியை விட்டு யுட்டிலிட்டிக்குப் போய்விட்டது. எல்பிஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். மூடிய அலமாரிக்குள் தேங்கினால் கேட்கவே வேண்டாம். அங்கிருந்து அடுப்பு வரை செம்புக் குழாய், அடுப்பின் பக்கத்தில் கைக்கெட்டும் இடத்தில் ஒரு வால்வு. ரப்பர் ட்யூப் இருக்கிற இடம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வைத்தோம். ட்யூபை ஏஜென்சியில் வாங்கினேன், 190 ரூபாய். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும் என்று தேதியை அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

கசிவுச் சோதனை சோப்பு நீரில். ஒவ்வொரு இணைப்பையும் அம்மாவே தடவிப் பார்த்தார். எஃகுத் தட்டில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை முழுக்க உரித்தோம், மூலையில் கொஞ்சம் விட்டாலும் சூட்டில் உருகி நாறும். பர்னர் மூடிகளைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, பள்ளத்தில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்தோம். சாய்ந்து உட்கார்ந்தாலும் தீ ஒரு பக்கமாக மஞ்சளாகும். எல்லா ஜன்னலையும் திறந்து ஒவ்வொரு பர்னராக எரித்தோம். நீலத் தீ, நடுவில் கூரான சின்ன நீலக் கூம்பு. சிம்மில் வைத்தாலும் அணையவில்லை. தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்துகிற பாதுகாப்பு வசதி வேலை செய்கிறதா என்று பார்க்க, எரிகிற தீயை மெக்கானிக் தட்டு ஒன்றால் விசிறி அணைத்தார். சற்று நேரத்தில் உள்ளே ‘டிக்’ என்று சத்தம் வந்து கேஸ் நின்றது. முதலில் வாங்கிய ஹாப்பில் அது இருந்ததா என்று யாரும் எங்களுக்குக் காட்டவே இல்லை.

இன்னொன்று. கேஸ் வாசனை வந்தால் நம் கை நேராகச் சிம்னி ஸ்விட்சுக்குத்தான் போகும். போகக் கூடாது. எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்துவிட்டு 1906க்கு அழையுங்கள். சிலிண்டர் கசிவுக்கான அவசர எண் அது.

எங்கள் கட்டடத்தில் அந்தக் கடைக்காரரின் ஆளே அடுப்பு பொருத்திய வீடுகள் இன்னும் இரண்டு இருப்பது போன வாரம் தெரிந்தது. மூன்றாம் மாடி வீட்டில் ட்யூபை எடுத்துப் பார்த்தோம், அதுவும் கம்பி இல்லாத ரப்பர்தான், அன்றைக்கே மாற்றிவிட்டார்கள். முதல் மாடிக்காரர்கள் கும்பகோணம் போயிருக்கிறார்கள். ரெகுலேட்டரை மூடிவிட்டுப் போனார்களா என்று போனில் கேட்டேன், நினைவில்லை என்கிறார்கள். சாவி வாட்ச்மேனிடம் இருக்கிறதாம். அவரையும் மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு இப்போது கீழே போகிறேன்.