வெப்பப் பரிமாற்றி செய்முறை: நேரிலா, தொலைவழியிலா?

இரட்டைக் குழாய் வெப்பப் பரிமாற்றி (ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், சுடுநீர் தன் வெப்பத்தைக் குளிர்நீருக்குக் கொடுக்கும்) செய்முறையை இரண்டு பருவம் தொலைவழியில், அதாவது இணையம் வழியாக, நடத்திப் பார்த்துவிட்டு, இப்போது மாணவர்களை மறுபடியும் ஆய்வகத்துக்கே வரச் சொல்லிவிட்டேன்.

தொலைவழியின் வசதிகள் தெரிந்தவைதான். கருவி இரவிலும் ஓடும், சூடான குழாயில் யாரும் கை வைக்க மாட்டார்கள். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நடத்திய ஐலேப் என்ற தொலைவழி ஆய்வகத் திட்டத்திலேயே வெப்பப் பரிமாற்றியை இணையம் வழியாக இயக்க விட்டார்கள். சரி, யோசனையில் தப்பில்லை.

எனக்கு இடித்தது பராமரிப்பில். வேலை குறையும் என்று நம்பித்தான் மாறினேன். ஆனால் பம்பில் காற்று அடைத்தால் யாராவது மாடியேறி ஓடத்தான் வேண்டியிருந்தது. பக்கத்தில் நிற்கும் குழு என்றால் சத்தம் மாறியதுமே வால்வைத் திறந்து காற்றை வெளியேற்றிவிடும். அதைவிட மோசம், சத்தமே போடாத பழுது. குளிர்நீர்ப் பக்கத்து டர்பைன் ஃபுளோமீட்டரில் (சக்கரம் சுழலும் வேகத்தை வைத்து நீரோட்டத்தை அளக்கும் கருவி) நார் சுற்றி, சக்கரம் மெதுவாகியிருந்தது. திரையில் நிமிடத்துக்கு 5 லிட்டர் என்று வருகிறது. சுடுநீர் 4 லிட்டர் ஓட்டத்தில் 60 டிகிரியிலிருந்து 52க்கு இறங்குகிறது, அதாவது சுமார் 2.2 கிலோவாட் கொடுக்கிறது; குளிர்நீரோ 30லிருந்து 35க்கு ஏறி 1.7தான் வாங்குகிறது. காப்பு சுற்றிய குட்டிக் குழாயில் அரை கிலோவாட் எங்கே போகும்? ஒரு குழுவும் கேட்கவில்லை, எல்லாரும் ‘சுற்றுப்புறத்துக்கு வெப்ப இழப்பு’ என்று எழுதிவிட்டார்கள், நானும் சில வாரம் அதற்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன் (வெட்கம்தான்).

அப்புறம் ஒரு குழுவை மட்டும் நேரில் வரவழைத்தேன். கணக்கு ஒத்துவரவில்லை என்றதும் ஒரு மாணவி வெளியேறும் ஹோஸைக் கழற்றிப் பக்கெட்டில் விட்டு, ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். ஒரு நிமிடத்தில் 6.4 லிட்டர். அந்த எண்ணைப் போட்டதும் இரண்டு பக்கமும் 2.2க்கு வந்து நின்றன. பிரவுசரில் பக்கெட் கிடையாதே!

தொலைவழியில் நடத்திய இன்னொரு செய்முறையான பிஐடி டியூனிங்குக்கு (தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவியின் அமைப்பெண்களைச் சரிசெய்வது) மட்டும் இதே குறையைச் சொல்ல மாட்டேன். அங்கே எப்படியும் திரையில் வரைபடத்தைப் பார்த்துதான் வேலை, தொழிற்சாலையிலும் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்துதான் செய்கிறார்கள். மெதுவாக நகரும் அமைப்பை ராத்திரி முழுக்க ஓடவிடவும் முடிகிறது. தொலைவழியில் நான் ஓட்டியது இந்த இரண்டை மட்டும்தான், அதனால் வாலைவடிப்புக்கும் இதே கதைதான் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

இப்போது டியூனிங் தொலைவழியில், வெப்பப் பரிமாற்றி நேரில். கருவிக்குப் பக்கத்தில் பக்கெட்டும் ஸ்டாப்வாட்சும் நிரந்தரமாக இருக்கின்றன. பக்கெட் ரீடிங் இல்லாத ரிப்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.