கம்பளிக்குள் மினுக்கு இழை: நான்கு வருட அனுபவம்

கம்பளியை வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்துத் துணியாக்கும் ஈர ஃபெல்ட்டிங்கில் மினுக்கு இழை சேர்க்க ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. இரண்டு வகை வைத்திருக்கிறேன். ஒன்று டிரைலோபல் நைலான், அதாவது குறுக்குவெட்டு முக்கோணமாக இருக்கும் நைலான் இழை. இன்னொன்று, பாலியஸ்டர் படலத்தை முடிபோல நறுக்கிய தட்டை இழை. கடையில் பார்த்தால் தட்டை இழைதான் கண்ணைப் பறிக்கும். ஆனால் ஒன்றுதான் வாங்கலாம் என்றால் நான் நைலானைத்தான் எடுப்பேன்.

காரணம், அக்காவுக்குச் செய்த ஸ்கார்ஃப். கருநீல மெரினோ கம்பளி, ஒரு முனையில் நைலான், மறுமுனையில் தட்டை இழை. கோத்தகிரிக் குளிருக்கு அக்கா அதைத் தினமும் சுற்றிக்கொள்வாள். இரண்டு வருடம் கழித்துக் கையில் வாங்கிப் பார்த்தேன். நைலான் முனை பட்டு கலந்ததுபோல அப்படியே மின்னியது. மறுமுனையில், கழுத்தில் மடியும் இடத்தில், இழைகள் நுனி தூக்கி நின்றன. அக்காவின் கறுப்பு ஸ்வெட்டரிலும் நாலைந்து ஒட்டியிருந்தன.

தப்பு என்னுடையதும்தான். கம்பளி முடியில் செதில் உண்டு. வெந்நீரிலும் சோப்பிலும் தேய்க்கும்போது ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். செயற்கை இழைக்கு அது கிடையாது. கம்பளிதான் அதைக் கட்டிப்போட வேண்டும். நான் மேலாகத் தூவிவிட்டிருந்தேன். இப்போது இழையைப் பரப்பியதும், அடியில் இருப்பது தெரிகிற அளவுக்கு மெல்லிசாகக் கம்பளி போர்த்துகிறேன். தேய்க்கத் தேய்க்க அந்தக் கம்பளி இறங்கிப் பின்னிக்கொள்ளும். மினுக்கு கொஞ்சம் அடங்கும். பரவாயில்லை, உதிர்வது வெகுவாகக் குறைந்துவிட்டது.

நைலானில் எனக்குப் பிடித்த இன்னொன்று சாயம். கம்பளிக்குப் போடும் அமிலச் சாயத்தையே அதுவும் குடிக்கும். வெள்ளை நைலானையும் வெள்ளைக் கம்பளியையும் முதலிலேயே கார்டரில் (கம்பளி சீவும் கருவி) கலந்து, ஒரே பாத்திரத்தில் வினிகர் விட்டுச் சாயமேற்றலாம். நிறம் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். இழையின் குறுக்குவெட்டு முக்கோணமாக இருப்பதால் நைலான் மட்டும் உள்ளிருந்து பளிச்சென்று தெரியும்.

தட்டை இழையை ஒதுக்கிவிடவில்லை. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டும் ரகம் கிடைக்கிறது. பேக்கிங் பேப்பர் இரண்டுக்கு நடுவே பரப்பி, இஸ்திரிப் பெட்டியைப் பட்டுக்கான சூட்டில் சில நொடி வைத்தால் தாளாகிவிடும். அதில் தும்பிச் சிறகு வெட்டி, சுவரில் மாட்டும் படங்களில் ஊசியால் குத்திப் பொருத்துகிறேன். ஒருமுறை காட்டன் சூட்டில் வைத்துவிட்டேன். சுருங்கி, பளபளப்பெல்லாம் செத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. அதனால் புதுப் பாக்கெட் பிரித்தால் முதலில் ஒரு சிட்டிகை எடுத்துச் சூடு வைத்துப் பார்த்துக்கொள்கிறேன்.