வீட்டு வேலையா, டெண்டரா, ஃபிளாட்டா: குடும்பக் காண்ட்ராக்டர் எந்தப் பக்கம் வளரலாம்?

அப்பா மேஸ்திரியாக இருந்து காண்ட்ராக்டர் ஆனவர். இன்றைக்கும் கான்கிரீட் போடும் நாளில் சென்ட்ரிங் மேல் ஏறி, கம்பி இடைவெளியைச் சாண் வைத்துத்தான் பார்ப்பார். சைட்டுக்கு அண்ணன், கணக்குக்கு நான். ஒரே நேரத்தில் நாலு வீடு வரைக்கும் தாங்குகிறோம். ஐந்தாவதை எடுத்தால் எங்காவது ஒரு சுவர் நனைக்க ஆள் இல்லாமல் காய்கிறது. இதைத் தாண்டி எப்படி வளர்வது என்று பேச்சு வந்ததும் வீட்டில் மூன்று கட்சி ஆகிவிட்டது. அப்பாவுக்கு வீட்டு வேலையே போதும். அண்ணனுக்கு அரசு டெண்டர். மச்சானுக்கு இடம் பிடித்து ஃபிளாட் கட்டி விற்கவேண்டும்.

அப்பா பக்கத்து நியாயம் எளிது. 1,500 சதுர அடி வீடு, சதுர அடி 2,400 ரூபாய் என்றால் 36 லட்சம். அட்வான்ஸ் வாங்கித்தான் வானம் தோண்டுவோம். அப்புறம் பேஸ்மெண்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னாலேயே பணம் வந்துவிடும். வேலை ஓடுவது வீட்டுக்காரர் பணத்தில், எங்கள் பணத்தில் அல்ல. கடைசித் தவணைதான் வம்பு. பால் காய்ச்சிக் குடிபோன பிறகு பாக்கியைக் கேட்டால் “பாத்ரூம்ல ஓதம் அடிக்குது, அதைப் பார்த்துட்டுப் பேசுவோம்” என்பார்கள். சரி, அது தொழிலில் உள்ளதுதான்.

வீட்டு வேலையில் வளர்ச்சியை மறிப்பது வேறு இரண்டு. ஒன்று, எல்லோருக்கும் “ஐயாவே வந்து பார்க்கணும்”. ஐயாவுக்கு வயது 67. இன்னொன்று பில். தனி வீட்டுக்கு லேபர் மட்டும் செய்து கொடுத்தால் ஜிஎஸ்டி இல்லை. மெட்டீரியலோடு சேர்த்து எடுத்தால் 18 சதவீதம். 36 லட்சத்துக்கு ஆறரை லட்சம் வரி என்றதும் வீட்டுக்காரர் “பில் வேண்டாமே” என்று இறங்கி வருவார். அதற்குத் தலையாட்டிக்கொண்டே போனால், இருபது வருடம் வேலை செய்தவனுக்கும் பேங்கில் காட்ட டர்ன்ஓவர் இருக்காது. ஓவர்டிராஃப்ட் கேட்டுப் போனபோதுதான் எங்களுக்கே இது உறைத்தது.

அந்தக் குறை டெண்டரில் இல்லை. எல்லாம் பில், எல்லாம் பேங்க் வழி. ஒரு வேலையை முடித்தால் அனுபவச் சான்று கிடைக்கும். அதை வைத்து அரசு காண்ட்ராக்டர் பதிவில் அடுத்த வகுப்புக்கும், இன்னும் பெரிய டெண்டருக்கும் போகலாம். கட்டட வேலையில் ஏணி மாதிரி படிப்படியாக ஏற வழி இருப்பது இங்கேதான். ஆனால் பணத்தின் திசை நேர்மாறு. டெபாசிட் கட்டி, குறைந்த ரேட் போட்டு வேலையை எடுத்தால், கம்பியும் சிமெண்டும் முதலில் நம் காசில். செய்த வேலையை அளந்து எம்-புக்கில், அதாவது அளவுப் புத்தகத்தில் ஏற்றி, மேலதிகாரி சரிபார்த்து, பில் போட்டு, நிதியும் வந்தால்தான் பணம். அதிலும் வருமான வரிக்கு 1 சதவீதம், ஜிஎஸ்டிக்கு 2 சதவீதம், அப்புறம் நிறுத்திவைக்கும் தொகை என்று பிடித்தம் போய்த்தான் கைக்கு வரும்.

சித்தப்பா ஒருமுறை 80 லட்சத்துக்கு ஒரு கட்டடம் எடுத்தார். எட்டு லட்சம் நிற்கும் என்று கணக்கு. வேலையில் ஒரு குறையும் இல்லை. ஃபைனல் பில் 12 லட்சம் மட்டும் 14 மாதம் இழுத்தது. சப்ளையர்களுக்குக் கொடுக்க அவர் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தார். மாதம் 24,000 வட்டி. 14 மாதத்துக்கு 3,36,000. ஏறக்குறைய பாதி லாபத்தை வட்டிக்காரர் கொண்டுபோனார். ஃபைலைத் தேடி ஆபீஸுக்கு நடந்த நாட்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை. டெண்டரில் நொடித்தவர்கள் என்று எனக்குத் தெரிந்த யாரும் மோசமாகக் கட்டியவர்கள் இல்லை. பில் வரும்வரை தாங்க முடியாதவர்கள்.

மச்சான் யோசனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ஃபிளாட் கட்டுவது கட்டட வேலையே இல்லை, விற்கிற வேலை. எங்கள் வீட்டில் யாருக்கும் விற்கத் தெரியாது. 500 சதுர மீட்டர், 8 வீடு என்ற வரம்பைத் தாண்டினால் ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டப்படி பதிய வேண்டும். வாங்குபவர்கள் கட்டும் பணத்தில் 70 சதவீதம் தனிக் கணக்கில் இருக்கும். சாவி கொடுத்து ஐந்து வருடம் வரை கட்டடக் குறைக்கு நாம்தான் பொறுப்பு. நல்ல சட்டம்தான், வாங்குகிறவனாக இருந்தால் நானும் அதைத்தான் விரும்புவேன். இடத்துக்காரரோடு ஜாயிண்ட் வெஞ்சர் போட்டால் நிலத்துக்குப் பணம் வேண்டாம் என்கிறார் மச்சான். கட்டுமானத்துக்கு வேண்டுமே! நாலு ஃபிளாட் விற்காமல் நின்றால் மொத்தப் பணமும் அங்கேயே படுத்துவிடும்.

ஆக, போட்டி வீட்டு வேலைக்கும் டெண்டருக்கும்தான். இப்போதைக்கு வீட்டு வேலைதான் சோறு என்பதில் நான் அப்பா கட்சி. ஆனால் எல்லாம் பில்லோடு. அதில் சேரும் பணம் ஒரு வேலையைக் கடனில்லாமல் தாங்கும் அளவு வந்ததும், ஒரே நேரத்தில் ஒரு டெண்டர். அதற்கும் மேல் என்றால் நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இதற்கெல்லாம் முன்னால் செய்யவேண்டியதை மூன்று பேருமே யோசிக்கவில்லை. தொழில் முழுக்க அப்பாவின் தனிப் பெயரில் இருக்கிறது. அவர் பெயரில் பதிவும் சான்றும் சேர்த்துக்கொண்டே போய், நாளைக்கு அவர் இல்லை என்றால் அண்ணன் அடிமட்டத்திலிருந்து தொடங்கவேண்டியதுதான். பார்ட்னர்ஷிப் ஆக்கினால் வருமான வரிப் பிடித்தம் 1 சதவீதம் 2 ஆகும், ஆகட்டும். ஒரு பங்குதாரர் இறந்தாலும் ஃபர்ம் தொடரும் என்று பத்திரத்தில் எழுதாவிட்டால் சட்டப்படி அத்தோடு கலைந்துவிடும். இரண்டே பங்குதாரர் என்றால் எழுதியும் பயனில்லை, மிஞ்சிய ஒருவர் எப்படி பார்ட்னர்ஷிப் ஆவார்? அதனால் அப்பா, அண்ணன், நான் என்று மூன்று பேர் போட்டு எழுதக் கொடுத்திருக்கிறோம். அண்ணன் முதல் டெண்டருக்கு ஒரு பள்ளிக்கூடக் காம்பவுண்டு சுவரைப் பார்த்து வைத்திருக்கிறார். எங்கள் சைட்டுக்குப் பக்கத்துத் தெருதான், அப்பா நடந்தே போய்ப் பார்த்துவிடலாம்.