பயிற்சிப் பொத்தான் இல்லாத விளையாட்டு: ஃபுட்பால் ஜிஎம், சில வருட அனுபவம்

ஃபுட்பால் ஜிஎம் என்பது பிரவுசரிலேயே ஆடுகிற அமெரிக்கன் ஃபுட்பால் மேலாண்மை விளையாட்டு; ஜிஎம் என்றால் ஜெனரல் மேனேஜர், அணியை நடத்துகிறவர். காசு கேட்காது, விளம்பரம் வரும், அவ்வளவுதான். ஊரடங்குக் காலத்தில் தொற்றிக்கொண்ட பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை. அதில் எல்லாவற்றையும் பற்றி எழுதினால் நீண்டுவிடும். அதனால் புதிதாக வருகிறவர்கள் முதலில் தடுமாறுகிற ஒரு இடத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்: ஆட்டக்காரர்களின் திறனை வளர்ப்பது.

என் அக்கா மகன் ஆடத் தொடங்கிய அன்றே கேட்டான், "மாமா, டிரெய்னிங் எந்த மெனுல இருக்கு?" எந்த மெனுவிலும் இல்லை. இன்னாருக்குப் பந்து பிடிக்கக் கற்றுக்கொடு, இன்னாரின் வேகத்தைக் கூட்டு என்று சொல்ல வழியே கிடையாது. "அப்புறம் என்ன மேனேஜர்?" என்றான். நியாயமான கேள்விதான். எனக்கே அதற்குப் பதில் பிடிபடக் கொஞ்ச காலம் ஆனது.

நான் அதற்கு முன்னால் ஹாட்ரிக் ஆடியவன். 1997-ல் ஸ்வீடனில் தொடங்கிய இணைய மேலாண்மை விளையாட்டு அது, நம் ஊர் கால்பந்துதான். அங்கே பயிற்சிதான் உயிர். வாரத்துக்கு ஒரு திறனைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தத் திறனுக்குரிய இடத்தில் ஆட்டக்காரன் 90 நிமிடம் இறங்கி ஆடியிருந்தால்தான் முழுப் பயிற்சி சேரும். ஒரு படி ஏறப் பல வாரம் ஆகும், அதுவும் நிஜமான வாரம். பொறுமையும் கணக்கும் உள்ளவன் ஜெயிப்பான். அந்தக் கணக்கோடு இங்கே வந்தால் ஒன்றும் ஓடாது. இங்கே உங்கள் இளம் குவார்ட்டர்பேக்கை (பந்தை எறிகிறவன்) எல்லா ஆட்டத்திலும் இறக்கினாலும் சரி, சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார வைத்தாலும் சரி, அவன் வளர்ச்சியில் ஒரு வித்தியாசமும் வராது. ஆடுவதால் தேறுவதில்லை. இதைப் புரிந்துகொள்ளாமல் 'பையனுக்கு அனுபவம் கிடைக்கட்டும்' என்று தோற்றுக்கொண்டே போகிறவர்கள் நிறைய. அணியின் முதலாளிக்குப் பொறுமை குறைவு. வெற்றி, பிளே-ஆஃப், லாபம் மூன்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார், போதாது என்று தோன்றினால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்.

திறன் மாறுவது வருடத்துக்கு ஒரே முறை, புது சீசனுக்கு முந்தைய கட்டமான ப்ரீ-சீசன் தொடங்கும்போது. அதைத் தொடங்கும் பொத்தானை அழுத்தியதும் அணிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பச்சையில் கூட்டல், சிவப்பில் கழித்தல் வந்து நிற்கும். ப்ளஸ் டூ ரிசல்ட் பார்க்கிற கூட்டம்தான். மருமகன் அந்த நேரத்தில் போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான், நிஜமாகவே.

என்ன கூடும், என்ன குறையும் என்பதைத் தீர்மானிப்பவை வயது, அந்தந்தத் திறனின் இயல்பு, பயிற்சியாளர்களுக்கு நீங்கள் செலவழிக்கிற பணம், அப்புறம் அதிர்ஷ்டம். இதில் அதிர்ஷ்டத்தின் பங்கு பெரிது. ஒத்த வயதும் ஒத்த எண்களும் கொண்ட இரண்டு பேரில் ஒருவன் ஏழு ஏறுவான், இன்னொருவன் மூன்று இறங்குவான். பட்ஜெட் பக்கத்தில் பயிற்சியாளர் செலவைக் கூட்டினால் ஏற்றம் சற்றே கூடும், இறக்கம் சற்றே குறையும். ஆனால் இன்று பணம் போட்டு நாளை பலன் எதிர்பார்க்கக் கூடாது. மூன்று வருடச் செலவைச் சேர்த்துப் பார்த்துத்தான் உங்கள் பயிற்சி நிலை எது என்று கணக்காகும். ஒரு வருடம் கை நிறையக் கொட்டிவிட்டு மறு வருடம் சுருக்கினால் இரண்டும் இல்லாமல் போகும். நான் மற்ற செலவில் எதைக் குறைத்தாலும் இதில் கை வைப்பதில்லை. அணியில் 53 பேர் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு அரைப் புள்ளி என்று வைத்துக்கொண்டாலும் மொத்தத்தில் அது சின்னத் தொகை இல்லை.

அமெரிக்கன் ஃபுட்பால் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பக்கத்துக்குப் பதினொரு பேர். நான்கு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். தாக்குகிற பதினொருவர் வேறு, தடுக்கிற பதினொருவர் வேறு, உதைக்க மட்டும் வருகிறவர்கள் வேறு. ஆகவே ஒவ்வொரு இடத்துக்கும் தேவையான உடம்பும் திறமையும் அடியோடு மாறும். இந்த விளையாட்டில் சுவையே அங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் இருபதுக்கு மேற்பட்ட எண்கள், ஒவ்வொன்றும் நூற்றுக்கு. உயரம், வலு, வேகம், தாக்குப்பிடிக்கும் சக்தி என்று பொதுவானவை சில. மற்றவை தொழில் சார்ந்தவை. எறிகிறவனுக்குக் களத்தைப் பார்க்கும் பார்வை, எறியும் வலு, குறி. ஓடுகிறவனுக்கு நழுவும் திறன், பந்தைக் கைவிடாமல் காக்கும் திறன். பிடிக்கிறவனுக்கு ஓடும் பாதையின் நேர்த்தி, கைப்பிடி. லைன்மேனுக்கு ஓட்டத்துக்கு வழிவிடத் தடுப்பது ஒன்று, எறிகிறவனைக் காக்கத் தடுப்பது ஒன்று. எல்லாம் ஆங்கிலத்தில் மூன்று நான்கு எழுத்துச் சுருக்கங்களாக வரும், முதல் மாதம் தலை சுற்றும். மருமகன் ஒரு பழைய கணக்கு நோட்டில் அத்தனையையும் தமிழில் எழுதி வைத்திருக்கிறான். 'கைப்பிடி', 'நழுவல்', 'குறி' என்று அவன் வைத்த பெயர்களில்தான் இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இந்த எண்கள் எல்லாம் ஒரே வயதில் ஏறி ஒரே வயதில் இறங்குவதில்லை. வேகமும் நழுவலும் சீக்கிரம் போய்விடும். களம் பார்க்கும் பார்வை தாமதமாக வந்து நெடுநாள் நிற்கும். உதைக்கிறவனின் குறி அதற்கும் மேல். ஆகவே பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் இருபத்தைந்தைத் தாண்டினாலே நான் மாற்று ஆள் தேடத் தொடங்கிவிடுவேன். குவார்ட்டர்பேக் அந்த வயதில்தான் கண் திறக்கிறான். நிஜத்திலும் அப்படித்தானே. குவார்ட்டர்பேக் டாம் பிராடி 2000 டிராஃப்டில் (அணிகள் புது ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுப்பது) 199-வது ஆளாக எடுக்கப்பட்டவர், 2021 பிப்ரவரியில் 43 வயதில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் ஜெயித்தார். உதைப்பவரான ஆடம் வினாட்டியேரி 46 வயது வரை ஆடினார். அந்த வயதில் ஒரு ரன்னிங் பேக்கைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம். சந்தையில் மாடு பிடிக்கிறவன் முதலில் பல்லைப் பார்ப்பதுபோல, இங்கே மற்ற எதையும் பார்ப்பதற்கு முன்னால் வயதையும் இடத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 24 வயதில் மொத்த மதிப்பெண் 55 என்பது ஒருவனுக்கு நல்ல செய்தி, இன்னொருவனுக்கு முடிவுரை.

ஒரு உதாரணம். டிராஃப்டின் ஆறாவது சுற்றில் ஒரு குவார்ட்டர்பேக்கை எடுத்தேன். உயரம் உண்டு, எறியும் வலு அபாரம், பார்வை நாற்பதுக்குக் கீழே. மருமகன் அவனுக்கு 'ஒல்லிக்குச்சி' என்று பெயர் வைத்தான். முதல் ப்ரீ-சீசனில் பார்வை ஐந்து ஏறியது. அடுத்ததில் இரண்டு இறங்கியது. அதற்கடுத்து ஒன்றுமே ஆகவில்லை. "மாமா, இவனுக்கு இன்னும் எத்தனை வருஷம் சோறு போடப் போறீங்க?" என்று நச்சரித்தான். சம்பளம் குறைவு, டெப்த் சார்ட்டில் (ஒவ்வொரு இடத்துக்கும் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசை) மூன்றாவது ஆள், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டிருந்தேன். ஐந்தாவது வருடம் பார்வை ஒரே தாவாக ஒன்பது ஏறியது, குறி ஆறு. அடுத்த வருடம் அவன்தான் எங்கள் முதல் ஆள். அவனோடு அதே டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் வந்த ரன்னிங் பேக் மூன்று வருடம் பிரமாதமாக ஓடினான். இருபத்தாறு வயதில், எண்கள் இறங்குவதற்கு முன்னால், அவனை மாற்றிக் கொடுத்து ஒரு லைன்மேனை வாங்கினேன். போன இடத்தில் அவன் வேகம் அடுத்த இரண்டு ப்ரீ-சீசனிலும் சிவப்பு. நான் இருவரில் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒருவனை வைத்திருந்தேன், ஒருவனை விட்டேன். இந்த விளையாட்டில் பயிற்சி என்பது இவ்வளவுதான் என்பது என் கட்சி.

இது நிஜத்துக்கு ஒவ்வாதது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்காவின் நிஜத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் 2011-ல் போட்ட தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பிறகு, சீசன் நடக்கும்போது முழுக் கவசத்தோடு மோதிப் பயிற்சி எடுக்க மொத்தமே 14 முறைதான் அனுமதி. அங்கேயும் பாதி வேலை சரியான ஆளை எடுப்பதிலும் சரியான நேரத்தில் விடுவதிலும்தான் முடிகிறது. ஆனாலும் ஒரு இளைஞனுக்கு இந்த வருடம் எதில் கவனம் என்று சொல்ல ஒரே ஒரு வாய்ப்பாவது தந்திருக்கலாம் என்ற ஆசை எனக்கு உண்டு. ஹாட்ரிக் வளர்த்துவிட்ட ஆசை அது.

இளம் ஆட்டக்காரர்களின் எண்களை அப்படியே நம்பவும் கூடாது. திரையில் தெரிவது உண்மையான எண் அல்ல, கொஞ்சம் மங்கலான மதிப்பீடு. 'எதிர்காலத் திறன்' என்று காட்டுகிற எண்ணும் ஒரு ஊகம்தான், வாக்குறுதி இல்லை. ஸ்கவுட்டிங்குக்கு, அதாவது புது ஆட்களை நோட்டம் பார்ப்பதற்கு, செலவழித்தால் மங்கல் குறையும். நான் அதற்கு அதிகம் செலவழிப்பதில்லை. அந்தப் பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுத்துவிட்டு, கடைசிச் சுற்றுகளில் ஒரே இடத்துக்கு இரண்டு மூன்று பேரை அள்ளிக்கொள்வேன். யார் ஏறுகிறானோ அவன் தங்குவான்.

இன்னொரு பழக்கமும் உதவியிருக்கிறது. ஒருவன் தன் இடத்தில் தேறவில்லை என்றால் உடனே கழித்துவிடாமல், மற்ற இடங்களில் அவன் மதிப்பெண் என்ன என்று பார்ப்பேன். பின்வரிசையில் தடுக்கிற சேஃப்டியாக வந்தவன், பந்து பிடிக்கிறவனைத் தடுக்கிற கார்னர்பேக்காகச் சுமாராக நிற்பான். பந்தும் பிடித்துத் தடுக்கவும் செய்கிற டைட் எண்ட் அவசரத்துக்கு லைன்மேனாக நிற்பான். டெப்த் சார்ட்டைத் தானாக அடுக்க விட்டுவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாது. எண்களை வைத்துப் பார்த்தால் ஒற்றை ஆளாக அணியைத் தூக்குவது குவார்ட்டர்பேக்தான். அதற்கடுத்து நான் லைன்மேன்களைத்தான் மதிக்கிறேன், ஐந்து பேர் சேர்ந்து நிற்கிற இடம், பேர் வராது, மெதுவாகத்தான் தேய்வார்கள்.

இப்போது ஆடுகிற சூழல். நான் செங்கோட்டைக்காரன், வேலை புனலூரில் ஒரு மரக்கடையில் கணக்கு. தினமும் மலை ஏறி இறங்குகிற வழி. பகவதிபுரம் தாண்டிக் குகைக்குள் ரயில் நுழைந்தால் போனில் ஒரு கோடும் இருக்காது. ஆரியங்காவு, தென்மலை வழியெல்லாம் சிக்னல் வந்தால் வரும். நேரலை விளையாட்டு எதுவும் அந்தப் பாதையில் உருப்படாது. ஃபுட்பால் ஜிஎம் ஒருமுறை திறந்துவிட்டால் நெட் இல்லாமலேயே ஓடும். கழுதுருட்டிப் பாலத்து மேல் டிராஃப்ட் நடத்தியிருக்கிறேன். கடையில் எல்லோரும் அர்ஜென்டினாவா பிரேசிலா என்று சண்டை போடுகிற கூட்டம். என் திரையை எட்டிப் பார்த்து, காலால் உதைக்கிறவனே அணிக்கு ஒருத்தன் ரெண்டு பேர்தான் என்று தெரிந்ததும் முதலாளி சேட்டன் 'போடா' என்று போய்விட்டார்.

நெட் இல்லாமல் ஓடுவதற்குக் காரணம், உங்கள் லீக் முழுவதும் உங்கள் பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படுவது. இதன் மறுபக்கத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். போனில் இடம் போதவில்லை என்று பிரவுசர் தரவை அழித்தால் லீக்கும் போய்விடும். கணக்குத் தொடங்கி உள்நுழைந்திருந்தாலும் லீக் வேறு கருவிக்குத் தானாக வராது. மருமகனின் போனை அவன் தங்கை சுத்தம் செய்தபோது ஒல்லிக்குச்சிக்கு அடுத்த தலைமுறையே காணாமல் போனது, இரண்டு நாள் வீட்டில் பேச்சுவார்த்தை இல்லை. அவ்வப்போது லீக்கை எக்ஸ்போர்ட் செய்து கோப்பாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ப்ரீ-சீசனுக்கு முன்னால் எடுத்து வைத்துவிட்டு, சிவப்பு அதிகம் வந்தால் பழையதை ஏற்றி மறுபடி அழுத்திப் பார்க்கிறவர்களும் உண்டு. தடையில்லை, ஆனால் அப்படி ஆடினால் மேலே சொன்ன எதற்கும் பொருள் இருக்காது. எண்களை நேரடியாகவே மாற்ற வேண்டும் என்றால் காட் மோட் இருக்கிறது, அதைப் போட்டுவிட்டுச் சோதனை செய்து பார்க்கலாம். எந்த எண் எந்த இடத்துக்கு எவ்வளவு உதவுகிறது என்று கற்றுக்கொள்ள ஒரு தனி லீக்கில் அதைப் பயன்படுத்தினேன், நல்ல பாடம்.

தொடங்குகிறவர்கள் சாதாரண நிலையிலேயே தொடங்குங்கள். ஈசி நிலையில் மற்ற அணிகள் ஆள் மாற்றத்துக்கு எளிதாக ஒத்துக்கொள்வதால், ஆளை வளர்க்க வேண்டிய தேவையே வராது, வாங்கிக்கொண்டே போகலாம். சிறு திரையில் எண் வரிசைகளைப் பக்கவாட்டில் நகர்த்தி நகர்த்திக் கண் நோகும். முடிந்தால் டிராஃப்டையும் ப்ரீ-சீசனையும் கணினியில் வைத்துக்கொண்டு, வாராந்திர ஆட்டங்களை மட்டும் போனில் ஓட்டுங்கள். அதற்கு அந்த எக்ஸ்போர்ட் கோப்பை இங்கும் அங்கும் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும். எனக்கு அதில் சலிப்பு வந்து, இப்போது கணினியில் ஒரு லீக், ரயிலுக்கு ஒரு லீக் என்று இரண்டாகவே ஓட்டுகிறேன்.