தொங்காட் அலியா, அமுக்கராவா? மாத்திரைப் பையோடு சேர்த்துப் போட்ட கணக்கு

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட்டில் யாரிடமாவது உடம்பு அசதியாக இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். டாக்டர் பெயர் வருவதற்கு முன்னால் ஒரு வேரின் பெயர் வந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றும் லாரிக்காரர்கள் தொங்காட் அலி என்பார்கள். கோயிலில் பார்க்கிற அக்காமார் அமுக்கரா என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. லாரி ஓட்டும் என் வீட்டுக்காரர் தொங்காட் அலிக் கட்சி. நான் தோட்ட ஆபிசில் கணக்கு எழுதும் கிராணி. சம்பள நாள் நெருங்கினால் இரவு இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு தகரக் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் எடுத்தது அமுக்கரா, அதாவது பார்மசியில் அஸ்வகந்தா என்று விற்பது. ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு வேருக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு எல்லாமே அசதியாகத்தான் முதலில் தலைகாட்டும். அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி டாக்டரைப் பாருங்கள், ரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள், அப்புறம் வேருக்கு வரலாம்.

தொங்காட் அலி இந்த மண்ணின் வேர். காட்டுப் பக்கத்துப் பூர்வகுடிகளான ஒராங் அஸ்லி மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. வேரைச் சீவிக் கொதிக்க வைத்தால் வரும் கசப்புக்கு வேப்பங்கொழுந்து தோற்றுவிடும். இதை ஆண்களின் சமாச்சாரம் என்று பொட்டலத்தில் சிங்கமும் குதிரையும் போட்டு விற்கிறார்களே தவிர, மன அழுத்தத்துக்கும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2013இல் வந்த ஓர் ஆய்வில் 63 பேர் கலந்துகொண்டார்கள். 4 வாரம், நாளைக்கு 200 மில்லிகிராம் வேர்ச்சாறு எடுத்தவர்களுக்கு, அழுத்தம் கூடும்போது சுரக்கிற கார்ட்டிசோல், மருந்தே இல்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட 16 விழுக்காடு குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் வெறும் கட்டுக்கதை என்று ஒதுக்க முடியாது. வேர்ச்சாற்றின் தரத்துக்கு 2011இலேயே மலேசியத் தரநிர்ணயம் ஒன்றும் வந்திருக்கிறது.

அமுக்கராவின் பக்கமும் சின்னச் சின்ன ஆய்வுகள்தான், என்ன, எண்ணிக்கை கொஞ்சம் கூடுதல். அதிகம் பேசப்படுவது 2012இல் இந்தியாவில் நடந்தது: 64 பேர், 300 மில்லிகிராம் வேர்ச்சாறு நாளைக்கு இரண்டு வேளை, 60 நாள். மன அழுத்த மதிப்பெண்ணும் இறங்கியது, கார்ட்டிசோலும் இறங்கியது. தூக்கத்துக்கும் ஓரளவு உதவுகிறது என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன.

இந்த இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை. தொங்காட் அலி ஆளைக் கிளப்பிவிடும் ரகம். சாயங்காலம் எடுத்தால் சிலருக்குத் தூக்கம் வராது, படபடப்பு வரும். அமுக்கரா அடக்கி உட்கார வைக்கும் ரகம். சிலருக்குப் பகலிலேயே மந்தமாக இருக்கும், வயிறும் கொஞ்சம் இளகும். விடியற்காலை நாலரைக்கு லாரியைக் கிளப்புகிறவர் ஏன் ஒன்றை எடுக்கிறார், ராத்திரி கூரையைப் பார்க்கிறவள் ஏன் இன்னொன்றை எடுக்கிறாள் என்பது இதிலேயே தெரிந்துவிடும். விலை, ருசி, எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் பெரிய விஷயமே இல்லை.

பெரிய விஷயம், அந்த வேர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைப் பையோடு ஒத்துப்போகுமா என்பது. எங்கள் ஊரில் ஐம்பதைத் தாண்டிய யாருடைய வீட்டிலும் கிளினிக் கொடுத்த பிளாஸ்டிக் பை ஒன்று தொங்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், கூடவே கிளிக்லசைடு, ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு ஒன்று. இந்த நாட்டில் சர்க்கரை நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் என்பதை எந்தத் தேசியச் சுகாதார ஆய்வைப் புரட்டினாலும் பார்க்கலாம். வேர் வேலை செய்கிறது என்றால் உடம்பில் எதையோ மாற்றுகிறது என்றுதான் பொருள். அந்த மாற்றம் மாத்திரையின் மேல் ஏறி உட்காரும்.

அமுக்கரா சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கொஞ்சம் இறக்கக்கூடும். கிளிக்லசைடு போடுகிறவருக்கு அது இரட்டை இறக்கம்; வேர்த்துக் கொட்டி, கை நடுங்கும். தைராய்டு சுரப்பை அது ஏற்றிவிடவும் கூடும். என் அக்கா தைராக்சின் மாத்திரையில் இருக்கிறார், ‘உனக்கு நல்லா இருக்கே, எனக்கும் ஒரு டப்பா வாங்கி வை’ என்றார். வேண்டாம்க்கா, முதலில் டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டேன். தூக்க மாத்திரை எடுப்பவர்களுக்கு மந்தம் கூடும். கர்ப்பிணிகள் தொடவே கூடாது.

கல்லீரல் விஷயமும் இருக்கிறது. அரிதுதான், ஆனால் உண்மை: அமுக்கரா எடுத்த சிலருக்கு 2 முதல் 12 வாரத்துக்குள் மஞ்சள் காமாலை வந்ததை ஐஸ்லாந்து, அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு நிறுத்தியதும் சரியாகிவிட்டது. டென்மார்க் 2023இல் இதை விற்கவே தடை போட்டுவிட்டது. அப்படியிருக்க நான் ஏன் இன்னும் இந்தப் பக்கம்? என்னிடம் மாத்திரைப் பை இல்லை, கல்லீரலும் தைராய்டும் சோதித்தாகிவிட்டது, எதைக் கவனிக்க வேண்டும் என்பதும் தெரியும். உடம்பு அரித்தாலோ, கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு கிளினிக்குக்கு ஓட வேண்டும்.

தொங்காட் அலிக்கும் இந்தப் பட்டியலில் இடமுண்டு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2021இல் அந்த வேர்ச்சாற்றை ஆராய்ந்து, மரபணுவுக்குச் சேதம் வரலாம் என்ற ஐயம் தீரவில்லை, பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது என்றது. ஆனால் எங்கள் ஊரில் என்னைப் பயமுறுத்துவது வேரே இல்லை, அது வருகிற வடிவம். இங்கே தொங்காட் அலி என்றால் பத்தில் ஒன்பது பேருக்கு அது கோப்பி. பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் கிடைக்கும், ஒட்டுக்கடையிலும் கிடைக்கும். அந்த மாதிரிக் கோப்பிப் பொட்டலங்களில் சில்டெனாஃபில், டடாலஃபில் போன்ற ஆண்மைக் குறைவு மருந்துகளைச் சொல்லாமல் கலந்திருந்ததை இங்குள்ள சுகாதார அமைச்சும் அமெரிக்க மருந்து நிர்வாகமும் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கின்றன. குடித்ததும் ‘கும்மென்று இருக்கு’ என்கிறார்களே, அதில் வேரின் பங்கு எவ்வளவு, கோப்பியின் பங்கு எவ்வளவு, களவாகப் போட்டதன் பங்கு எவ்வளவு? யார் பிரித்துச் சொல்வது?

என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்கடியில் வைக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நைட்ரேட் வகை. அதோடு சில்டெனாஃபில் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று விழும், உயிருக்கே ஆபத்து. அவர் கோப்பிப் பிரியர். அடுக்களையில் எந்தப் பொட்டலம் கைக்குக் கிடைத்தாலும் பிரித்துக் கலக்கிவிடுவார். அதனால்தான் அந்தக் கோப்பி எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்றேன். வீட்டுக்காரர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், அப்புறம் சரி என்றார்.

பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மாத்திரையோடு ஒத்துப்போகுமா என்று கேட்க முடியாது, பார்மசிஸ்ட் என்ன சோதிடரா? அதற்குத்தான் மருந்து டப்பாவில் இருக்கும் ‘மால்’ பதிவு நம்பர். மால் (MAL) என்று தொடங்கி எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து. பாரம்பரிய மருந்து என்றால் அந்த எழுத்து ‘டி’ (T). என்.பி.ஆர்.ஏ என்கிற தேசிய மருந்தொழுங்கு முகமையின் இணையதளத்தில் அந்த நம்பரைத் தட்டினால், டப்பாவில் உள்ள பெயரும் அங்கே உள்ள பெயரும் ஒன்றா என்று பார்த்துவிடலாம். நம்பரைத் திருடி ஒட்டுகிறவர்களும் இருப்பதால் பெயரைப் பார்க்காமல் விடாதீர்கள். பதிவான மருந்தில் ஈயம், பாதரசம் போன்ற கன உலோகமும் கிருமியும் சோதிக்கப்பட்டிருக்கும். அந்த நம்பர் இருப்பதால் மருந்து பலிக்கும் என்று அர்த்தமில்லை. பாரம்பரியமாக இன்னதற்குப் பயன்பட்டது என்பதைத்தான் ஏற்றிருக்கிறார்கள். கோப்பி பெரும்பாலும் உணவுக் கணக்கில் போவதால் அதில் இந்த நம்பரைத் தேடினாலும் கிடைக்காது.

இந்த விதி அமுக்கராவையும் விடாது. இந்தியாவுக்குப் போய் வருகிறவர்கள் பெட்டியில் கொண்டுவரும் பொடியில் எந்த நம்பரும் இருக்காது. அமுக்கரா சூரணம் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். பழைய கணக்குப்படி கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. மொத்தத்தில் பாதிக்கு மேல் சர்க்கரை! பாலில் கலந்து குடிக்க ருசியாகத்தான் இருக்கும், ஆனால் இனிப்பு நோய்க்காரர் அசதிக்கு எடுக்கிற பொருளா இது? நான் பதிவான கேப்சூலுக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டால், நடு இரவு விழிப்பு குறைந்திருக்கிறது. அதே சமயத்தில் சாயங்காலம் குடிக்கும் தே தாரே என்கிற ஆற்றிய பால் தேநீரையும் விட்டேன், எது எதைச் செய்தது என்று சத்தியம் பண்ண மாட்டேன். ஆய்வுகளே இரண்டு மூன்று மாதத்தோடு நிற்கின்றன. நானும் அதற்கு மேல் தொடர்ந்து எடுப்பதாக இல்லை. வருடக் கணக்கில் எடுத்தவர்களின் அனுபவம் என்னிடம் இல்லை.

வீட்டுக்காரர் இப்போது ‘மால்’ நம்பர் உள்ள தொங்காட் அலி கேப்சூலுக்கு மாறிவிட்டார், காலையில் மட்டும். கோப்பி அளவுக்கு ஏறவில்லை என்று குறைப்படுகிறார். ரத்த அழுத்தம் கொஞ்சம் எல்லையில் நிற்பதால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது டப்பாவையும் கையோடு எடுத்துப்போய் பார்மசிஸ்ட்டிடம் காட்டுவதாகப் பேச்சு.